ஏழு நாளில் எத்தனை நாள்

நவம்பர் 9, வியாழன். மே மாதம் கேட்டபோது தவறாகச் சொல்லிவிட்டேன். பூஜ்யம் என்றேன். பூஜ்யம் இல்லை.

நோட்டில் இப்படி எழுதிய டெர்வ்லா, 'தவறாக' என்பதை அடித்து 'பொய்யாக' என்று மாற்றினாள். அது கொஞ்சம் அதிகமோ என்று தோன்ற, மறுபடி 'தவறாக' என்றே எழுதினாள். மாலை வகுப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் மழை வழிய, ஃபோனுக்காகக் காத்திருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் கருவைக் கலைத்தாள். ஊர் மருத்துவர் அதற்கு மாத்திரை தருவதில்லை. கால்வே நகரத்துக்கு பஸ்ஸில் போனாள். சட்டப்படி மூன்று நாள் பொறுத்து மறுபடி போனாள். இரண்டு தடவையும் வீட்டில் பரீட்சை என்று சொன்னாள். அங்கேதான் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குப் பெயர் கொடுத்தாள். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபோன் வரும், அதே கேள்விகளோடு. மே மாதம் வந்தபோது அக்கா ஈட்டா சமையலறையில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி அது, புது ஆளா? பேரச் சொல்லு, கல்யாணத்துக்குப் போட்டுக்க நான் புதுத் தொப்பி வாங்கணும்!"

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பூஜ்யம் என்று சொன்னாள்.

ஃபோன் அடித்தது. ஒவ்வொரு தடவையும் ஆய்வுக்காகக் கூப்பிடும், கெர்ரி பக்கத்து இழுவையில் பேசும் அதே அம்மாள், மூரா.

"வசதியா பேசலாமாம்மா?"

"கார்ல தனியாத்தான் இருக்கேன்."

"அன்னிக்கு எடுத்த முடிவு சரின்னு இப்பவும் நினைக்கிறீங்களா?"

"ஆமா." இதற்கு அவள் ஒருதரமும் யோசித்ததில்லை.

"போன ஏழு நாள்ல எத்தனை நாள் தனிமையா இருந்துச்சு?"

டெர்வ்லா நோட்டைப் புரட்டினாள். தினமும் குறித்துவைத்திருந்தாள்.

"ஏழுன்னு சொன்னா, அதைக் கலைச்சதாலதான்னு எழுதிடுவீங்களா?"

"நான் காரணம் எழுதறதில்ல. எண் மட்டுந்தான்."

"படிக்கறவங்க எழுதிப்பாங்களே. 'பாரு, அழுதுகிட்டிருக்கா'ன்னு."

"படிவத்துக் கடைசியில ஒரு கட்டம் காலியா இருக்கும்மா. நீங்க சொல்றத அப்படியே எழுதுவேன். மெதுவாச் சொல்லுங்க, என் தட்டச்சு அப்படி."

"ஏழு. மே மாசம் சொன்ன பூஜ்யமும் தப்பு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கலைச்சதால இல்ல. அதை யார்கிட்டயும் சொல்லாததால. அக்கா பக்கத்துலயே உட்கார்ந்திருப்பா. நான் எங்கயோ இருப்பேன்."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"பழைய பதில மாத்த முடியாது. ஆனா இதுல குறிச்சுக்கறேன். இதுவரைக்கும் யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கு."

"மாத்திரை குடுத்த டாக்டரம்மா?"

"அவங்க பேரே மறந்துடுச்சு."

அடுத்த கேள்விக்குப் போகும் முன் மூரா தொண்டையைச் செருமினாள். வேறு எதுவும் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை என்று டெர்வ்லாவுக்குத் தெரியும். மூரா தூக்கத்தைப் பற்றிக் கேட்டாள், பசியைப் பற்றிக் கேட்டாள், நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

கார் சட்டென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. வகுப்புக்காரர்கள் தலையில் பையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அவள் நோட்டில் எழுதினாள்:

நாளை: பத்து மணிக்கு ஈட்டாவைப் பல் வைத்தியரிடம் காரில் கூட்டிப்போக வேண்டும். போகும்போதே சொல்லிவிட வேண்டும். திரும்பும்போது என்றால் அவளுக்கு வாய் மரத்திருக்கும். பதில் சொல்ல வராது.