பன்னிரண்டு கிளிக்

அண்ணன் பந்தய பைக்கோடு மூன்றாவது தடவையாக மூன்றாம் வளைவில் மணலுக்குள் போனான். விழவில்லை, அந்த மட்டுக்கும் புண்ணியம். காலுறைக்குள் பாதி மணலோடு ஷெட்டுக்குத் திரும்பி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் தங்கையை முறைத்தான்.

"வளைவுக்குள்ள ஒழுங்காத்தான் வருது. ஆக்ஸிலேட்டரைத் திருகினதும் பின்பக்கம் பொத்துனு உக்காந்துடுது. முன்சக்கரம் எனக்கென்னன்னு வெளிய போகுது."

"பின் சஸ்பென்ஷனை நாலு கிளிக் இறுக்கினேனே அண்ணா."

"போன தடவையும் நாலுன்ன. அதுக்கு முந்தியும் நாலுன்ன. எல்லாம் எங்க போச்சு?"

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. பந்தயத் திடலில் அவளுக்குப் பெயரே 'கிளிக்'. பின்பக்கத்துத் தடித்த ஸ்பிரிங்கை ஒட்டி ஒரு சின்னத் திருகு இருக்கிறது. வலப்பக்கம் திருப்பினால் 'கிளிக்' என்று ஒரு படி இறுகும், இடப்பக்கம் திருப்பினால் ஒரு படி தளரும். காலையிலிருந்து பன்னிரண்டு கிளிக் இறுக்கியிருக்கிறாள். வண்டி கட்டாந்தரையாக ஆகியிருக்க வேண்டும், இதுவோ சோபா மாதிரி அமுங்குகிறது.

"வண்டி சரியா இருக்கு. நீதான் அவசரக்குடுக்கை மாதிரி முன்னாடியே திருகுற."

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இன்னும் நாப்பது நிமிஷத்துல தகுதிச் சுத்து. ஒரு நிமிஷம் அம்பது செகண்டுக்குள்ள வரலேன்னா நான் பந்தயத்துல இல்ல. நீயும் எனக்கு மெக்கானிக்கா இல்ல. வண்டியைப் பக்கத்து ஷெட் டாக்டர்கிட்ட குடுத்துடுவேன்." சொல்லிவிட்டு மணலைக் கொட்டப் போய்விட்டான்.

டாக்டர் என்பவரும் மெக்கானிக்தான். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு இஞ்சினில் காதை வைத்துக் கேட்பார், வேறு படிப்பு கிடையாது. அவரிடம் வண்டி போவதைவிட நாண்டுகொண்டு சாகலாம் என்று அவளுக்கு இருந்தது.

திருகை முழுக்க இறுக்கி மூடி, மூடுவதற்கு எத்தனை கிளிக் மிச்சமிருந்தது என்று எண்ணுவது இந்தத் தொழிலில் முதல் பாடம். காலையில் ஒரு தடவை எண்ணிப் பதினெட்டு என்று குறித்ததோடு சரி, அதன் பிறகு அவள் மூடிப் பார்க்கவே இல்லை. அதெல்லாம் கணக்குத் தெரியாதவர்களுக்கு என்கிற திமிர். இப்போது திமிரை ஓரங்கட்டிவிட்டுக் குனிந்தாள். எண்ணிக்கொண்டே மூடினாள். ஆறில் நிற்க வேண்டியது பதினெட்டுவரை போயிற்று. காலையில் எங்கே இருந்ததோ அங்கேயே!

திருகின் பள்ளத்தில் ஏதோ பிசுபிசுத்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள். ஜாம்.

ஷெட்டின் மூலையில் அம்மா ரொட்டிக்கு ஸ்பூனால் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! அந்த ஸ்பூனைக் காட்டு!"

"எதுக்குடி கத்துற? ஆமா, நான்தான் திருப்பினேன். அவனுக்கு முதுகெலும்புல டிஸ்க் வீங்கியிருக்கு. நீ பாட்டுக்கு இறுக்கிட்டே போனா பிள்ளை என்னத்துக்கு ஆவான்? நீ நாலு இறுக்கினா நான் நாலு தளர்த்தினேன். ஒண்ணுகூட அதிகமாப் பண்ணல."

கணக்கு சுத்தம். மகளைவிடச் சுத்தம். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஸ்பூனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள், திருகை ஆறில் வைத்தாள், அம்மா கையில் நிறுத்துக்கடிகாரத்தைத் திணித்துத் தடுப்புச் சுவர் ஓரம் நிற்கவைத்தாள்.

தகுதிச் சுற்றில் அண்ணன் கடக்கும்போதெல்லாம் "மெதுவாப் போ கண்ணு!" என்று அம்மா கத்தினாள். இஞ்சின் சத்தத்தில் அவன் காதில் விழாதது பெரிய உபகாரம். மூன்றாம் வளைவில் வண்டி கோடு போட்ட மாதிரி திரும்பிற்று. ஒரு நிமிடம் நாற்பத்தொன்பது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அண்ணன் வாயெல்லாம் பல்லாக வந்தான். "முதுகு போச்சு! ஆனா வண்டி சொன்னபடி கேக்குது. என்னதான் கோளாறு?"

அம்மா தலையைக் குனிந்து கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உண்மை தெரிந்தால் இனி அவளைத் திடல் பக்கமே அண்டவிட மாட்டான். தங்கை குறுக்கே வந்து நின்றாள்.

"எண்ணிக்கையில நான்தான் கோட்டை விட்டுட்டேன்."

இதைச் சொல்வதற்குள் அவளுக்கு உயிரே போயிற்று.

"கிளிக்காம் கிளிக்கு! பந்தயம் முடியட்டும், டாக்டர்கிட்ட பேசிக்கறேன்."

பேசப் போக வேண்டியிருக்கவில்லை. டாக்டரே வந்து நின்றார். வெள்ளைக் கோட்டெல்லாம் வியர்வை.

"தங்கச்சி, ஒரு உதவி. மதியத்துலேந்து என் பையன் வண்டியும் வளைவுல வெளிய வெளிய போகுது. தகுதிச் சுத்துல தப்பிச்சதே பெரும்பாடு. நீங்க ஒரு தடவை கை வச்சிப் பாக்கறீங்களா?"

அவள் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"அந்தப் பையனும் இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு நடந்தான்டி," என்று அம்மா அவள் காதில் கிசுகிசுத்தாள். "யாரோ பெத்த பிள்ளைதானே."

டாக்டர் ஷெட்டில் எட்டு கிளிக் தளர்ந்திருந்தது, பள்ளத்தில் அதே ஜாம். அரை நிமிடத்தில் சரி செய்தாள். டாக்டர் ஆவென்று பார்த்துக்கொண்டு நின்றார். அவளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"டாக்டர், மன்னிச்சிடுங்க. இது எங்க அம்மா பண்ண வேலை. ஸ்பூனால திருப்பிட்டாங்க."

டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "தொழில் ரகசியம்னா சொல்ல வேண்டாம்மா. அதுக்குப் பெத்தவங்களையா இழுக்கறது?" பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி! பந்தயத்தன்னிக்கு என் வண்டியையும் உங்க தங்கச்சியே பாக்கட்டும். இந்தக் கை எனக்கு வராது."

சுவருக்கு மேலே அண்ணனின் தலை விருட்டென்று முளைத்தது.

"அதெல்லாம் முடியாது டாக்டர். அவ என் மெக்கானிக்கு."