மெஷினிடம் கேட்காத கேள்வி

ஆத்தா, ஸ்கேன் மெஷின் சொன்னதை நீ மாற்ற வேண்டாம். வயிற்றில் இருப்பது பெண் என்றால் பெண்ணாகவே இருக்கட்டும். இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிடு.

மாரியம்மன் முன்னால் நின்ற கயல்விழி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பூப் போட்டு அம்மனின் வாக்கைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். கோயில் வாசலில் கார் காத்திருந்தது. கோயமுத்தூருக்குப் போய்க் கருவைக் கலைத்துவிட்டு வர வேண்டும் என்பது அவள் கணவன் மயில்சாமியின் ஏற்பாடு. மூத்ததும் பெண். ஒன்று போதுமாம்.

"மெஷினே சொல்லிப்போட்டுது. அப்பறம் பூவாக்கு எதுக்கு புள்ள?" என்றான் மயில்சாமி.

"தோட்டத்துல போர் போடறதுக்குக் கேட்டீங்களே மாமா?"

மாமனார் லட்சுமணசாமி கனைத்துக்கொண்டார். இன்ஜினியர் மீட்டர் வைத்துக் காட்டிய இடத்தில் துளைத்தபோது வெறும் புழுதிதான் பறந்தது. அம்மன் பூக் கொடுத்த இடத்தில் தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லும் கதை இது.

"கேட்டுப்போடலாம் உடு. வெள்ளப் பூ வந்தா கொழந்தை இருக்கட்டும். செவப்பு வந்தா அம்மணி பேசாம கார்ல ஏறோணும்."

பூசாரி இரண்டு அரளிப் பூக்களைத் தனித்தனி இலையில் மடித்து, குலுக்கி, அம்மன் காலடியில் வைத்தார். எடுக்க ஒரு குழந்தை வேண்டும். அங்கே இருந்த ஒரே குழந்தை கயல்விழியின் மகள் தேன்மொழி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் ஒரு மடிப்பை எடுத்து வந்தாள்.

சிவப்பு வந்தாலும் காரில் ஏறப்போவதில்லை என்று கயல்விழிக்குத் தெரியும். ஆனால் அப்போது தன் பக்கம் நிற்க யாரும் இருக்கமாட்டார்கள்.

பூசாரி இலையைப் பிரித்தார். வெள்ளை.

மயில்சாமி முகம் சுருங்கியது. "பொட்டப்புள்ள எடுத்தா பொட்டப்புள்ளைக்குத்தானுங்கப்பா எடுக்கும்! பக்கத்தூட்டுப் பையனக் கூட்டியாறேன், அவன் எடுக்கட்டும்."

"பூ எடுக்கறதுலயுமாடா?" என்ற லட்சுமணசாமி, மகனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்தார். "செரி அம்மணி, அவன் மனசுக்காக ஆத்தாகிட்ட இன்னொருக்கா கேட்டுப்போடு."

கயல்விழி வெள்ளைப் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணி வந்தப்பறம் நீங்க மறுக்கா கேக்கலீங்களே மாமா."

தேன்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மயில்சாமி முந்திக்கொண்டு ஓடிக் காரின் கதவைத் திறந்து பிடித்தான்.

"வெயில் தாழ்ந்திருக்குதுங்க. நாங்க நடந்தே ஊட்டுக்குப் போறோம்," என்று அவனைத் தாண்டி நடந்தாள்.