இரண்டாவது துடிப்பு

ஐந்து நிமிட ஸ்கேனை இருபது நிமிடம் பார்ப்பாள் என்பதால், அந்த ஸ்கேன் டாக்டருக்கு நர்சுகள் வைத்திருந்த பெயர் 'சல்லடை'. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அன்று காலை கணவனோடு வந்தவள் ஒரு கணக்கு டீச்சர். ஆறு வருடம் காத்திருந்து, செயற்கைக் கருத்தரிப்பில் உண்டாகியிருந்தாள். இது ஏழாவது வாரம். திரையில் கருப்பைக்குள் கரு தெரிந்தது, துடிப்பும் தெரிந்தது. கணவன் அம்மாவுக்குப் போன் போட எழுந்தேவிட்டான்.

டாக்டர் ஸ்கேன் கருவியை இன்னும் விலக்கவில்லை. வலி ஏதாவது உண்டா என்று கேட்டாள். வலப்பக்கம் லேசாகப் பிடித்த மாதிரி இருக்கிறது, போட்ட ஊசிகளால் இருக்கும் என்றாள் டீச்சர்.

"அதான் உள்ள நல்லா இருக்கே டாக்டர். இன்னும் என்ன தேடறீங்க?" என்றான் கணவன்.

"ரெண்டு கரு வச்சிருக்காங்க. ஒண்ணு கிடைச்சாச்சு. இன்னொண்ணு என்ன ஆச்சுன்னு பாத்துடறேன்."

அந்தப் பதில் டீச்சருக்குப் பிடித்துப்போனது. கணவனை உட்காரச் சொன்னாள்.

ஊசிகளால் வீங்கியிருந்த வலது சினைப்பையை ஒட்டி ஒரு சின்ன வளையம். சினைப்பைக் கட்டி என்று யாரும் தாண்டிப் போயிருப்பார்கள். டாக்டர் மெல்ல அழுத்தினாள். சினைப்பை ஒரு பக்கம் நகர, வளையம் தனியே நகர்ந்தது. பெரிதாக்கினாள். நடுவே அரிசி அளவில் ஒன்று துடித்தது. கருக்குழாய்க்குள்!

சுற்றி வளைக்காமல் சொன்னாள். குழாய் எந்த நேரமும் வெடிக்கலாம், வெடித்தால் தாய் உயிருக்கே ஆபத்து, இன்றே எடுத்தாக வேண்டும். கருப்பையில் இருப்பதைத் தொட மாட்டார்கள், பெரும்பாலும் அது தாக்குப்பிடிக்கும்.

டீச்சர் திரையில் குழாய்க்குள் இருந்ததைக் காட்டினாள். "அதுவும் துடிக்குதே டாக்டர்."

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அறுவை மருத்துவர் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: நிச்சயமா? நிச்சயம் என்றாள். மதியம் வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் குழாயை எடுத்தார்கள். அதில் ஏற்கெனவே ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது.

மறுநாள் காலை டாக்டரே ஸ்கேன் கருவியை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். கருப்பைக்குள் துடிப்பு சீராக இருந்தது. திரையை டீச்சர் பக்கம் திருப்பி வைத்தாள்.

எட்டாம் மாதக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அது போட்ட சத்தத்தில், பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.