பப்பாளியில் ஊறிய மேலாளர்

கேன்டீன் சமையல்காரருக்குப் பேத்தி பிறந்து பத்து நாளாகிவிட்டது. இன்னும் முகம் பார்க்கவில்லை. மூன்று நாள் லீவு கேட்டு ஐந்து முறை எழுதிக் கொடுத்தார். மேலாளர் ஐந்து முறையும் கிழித்துப் போட்டார். அந்த ஆளுக்கு நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் கருங்கல் இருக்கிறது என்று ஆபீஸே சொல்லும்.

"கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. முத்தின கறி, அவ்வளவுதான்," என்றார் சமையல்காரர் மனைவியிடம். "பப்பாளிக்காயை அரைச்சுத் தடவி அரை மணி நேரம் வச்சா செருப்புத் தோல்கூட வெந்துடும். இந்த மனுஷன் எம்மாத்திரம்?"

பப்பாளி வாடையே ஆகாத மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்க புத்தியும் உங்க பப்பாளியும்!" என்றாள்.

திங்கட்கிழமை ஆரம்பித்தார். காலையில் பழத்துண்டு, மதியம் காய் வதக்கல், சாயங்காலம் சூப். அதில் மிளகுக்குப் பதிலாகக் காயவைத்துப் பொடித்த பப்பாளி விதை. "கண்ணுக்கு வைட்டமின் ஏ, உடம்புக்கு சி, வயித்துக்கு நார்ச்சத்து, சாப்பிடுங்க சார்." எதையும் உப்பு பார்க்காமல் அனுப்பமாட்டார். தொழில் சுத்தம் அப்படி.

செவ்வாயன்று மேலாளரின் வயிறு இளகியது. கழிவறையிலிருந்து சீட்டியடித்துக்கொண்டு வந்தார். புதன்கிழமை குரல் இளகியது. வியாழக்கிழமை முகவாய்க்கட்டையும் தளர்ந்தது. அன்றைக்கே காகிதத்தை நீட்டியிருக்க வேண்டும். இன்னும் ஒரு நாள் ஊறினால் மூன்று நாள் லீவு ஏழு நாளாகுமே என்று காத்திருந்தார். பப்பாளியில் அதிக நேரம் ஊறிய கறி கூழாகிவிடும் என்பது முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவருக்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மேலாளர் குழைந்தே போனார். கேட்டவருக்கெல்லாம் லீவு. கேட்காத காவலாளியையும் "கால் வலிக்கும், வீட்டுக்குப் போப்பா" என்று அனுப்பிவைத்தார். சமையல்காரர் விண்ணப்பத்தோடு போனபோது ஆபீஸில் ஈ காக்கா இல்லை. மேலாளர் நாற்காலியில் பாதி வழிந்து கிடந்தார்.

"எல்லாரும் போயிட்டாங்க," என்று தேம்பினார். "நீங்களும் போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா?"

பேத்தியைப் பார்க்கணும் என்று சொல்லத்தான் சமையல்காரர் வாயைத் திறந்தார். "நான் எங்க சார் போகப்போறேன்? அழாதீங்க," என்றது வாய். தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினார்; கை மேலாளரின் முதுகைத் தடவிக்கொடுத்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஐந்து நாளாக எத்தனை சட்டியில் உப்பு பார்த்திருக்கிறார்!

போன் அடித்தது. மனைவி. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. கையெழுத்து வாங்கியாச்சா?"

"பாவம்மா அவரு..." என்று விசும்பினார்.

அந்தப் பக்கம் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

"அங்கேயே இருங்க. நான் வரேன்."

அவள் ஒரு துண்டு பப்பாளிகூடத் தொடாதவள். சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விண்ணப்பத்தை மேசைமேல் விரித்து, பேனா மூடியைக் கழற்றி வைத்தார்.