பூண்டு தின்ற காட்டுமாடு

“இந்தாத்தா, உன் புஸ்தகம். எம்புள்ளைக்கு வேணாம்.”

செல்லப்பாண்டி மாமா புத்தகத்தை என் மடியிலேயே வைத்துவிட்டார். நான் பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

“ஏன் மாமா, கிழிஞ்சிருக்கா?”

“கிழியல. மெலிஞ்சு கெடக்கு.”

“என்னது?”

“வேல்ராஜ் மகனுக்கு இம்புட்டு மொத்தமாக் குடுத்திருக்க. எம்மகளுக்கு எண்ணிப் பன்னெண்டு தாளு. அவன் வீட்டுப் பிள்ளை மொத ரகம், எங்க வீட்டுப் பிள்ளை மட்டும் பொடியா?”

பொடி! அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் சிரிப்பு வந்தது, சிரித்தால் மாமா என்னை உருட்டி மலையிலிருந்து தள்ளிவிடுவார் என்று பயமும் வந்தது.

நடந்தது இதுதான். கொடைக்கானல் மலையில் இருக்கிற எங்கள் போளூர் சமுதாயக் கூடத்தில் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதினாறு பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் டீச்சர் இல்லை. கொடைக்கானலில் காலேஜ் முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் ஆரம்பித்தது. போன வாரம் திண்டுக்கல் போய் முப்பது புத்தகம் எடுத்து வந்தேன். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை! வந்ததும் தார்ப்பாயை விரித்து மூன்று குவியலாகப் பிரித்தேன். நன்றாக வாசிப்பவர்களுக்குத் தடித்தது, ஓரளவு வாசிப்பவர்களுக்கு நடுத்தரம், எழுத்துக் கூட்டவே திணறுகிறவர்களுக்குப் பக்கத்துக்கு ஒரு வரி உள்ள மெலிந்தது. சரியான வேலைதானே?

ஆனால் மாசி மாதம். ஊரில் வீட்டுக்கு வீடு வாசலில் தார்ப்பாய் விரித்து, வெட்டிக் காயவைத்த பூண்டை மூன்று குவியலாகத்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியது, நடுத்தரம், பொடி. பொடி என்றால் கடைசி. நானும் பூண்டு போடுகிற வீட்டில் பிறந்தவள்தான், எனக்கே தோன்றவில்லை! பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் தோன்றிவிட்டது. மெலிந்த புத்தகம் கிடைத்த ஆறு பேரும் அதை ஸ்வெட்டருக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

“மாமா, தேவசேனாவுக்கு இதுதான் படிக்க வசதி...”

“வசதியெல்லாம் பாக்காத. முழுப் பரீட்சைக்குள்ள ஒரு புஸ்தகத்தத் தானாப் படிக்கணும். இல்லாட்டி ஜூன்ல ஆயக்குடி. எந்தங்கச்சி வீட்ல இருந்து அங்கிட்டுப் பள்ளிக்கூடம் போகட்டும். சொல்லியாச்சு.”

இதை அவர் சும்மா சொல்லவில்லை. தேவசேனா இரண்டாம் வகுப்பு, இன்னும் ஒரு வரி சேர்த்து வாசித்ததில்லை. மாமாவுக்குப் படிப்பு கிடையாது. ஒருமுறை போர்டு படிக்கத் தெரியாமல் பழனி பஸ் என்று நினைத்து வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டார். ஊர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. தன் மகளைப் பார்த்தும் நாளைக்கு யாராவது சிரிப்பார்கள் என்பதுதான் அவர் பயம்.

சரி என்று ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தேன். மாமா கையில் வாங்கி எடை பார்த்தார். நிஜமாகவே எடை பார்த்தார்!

“இது புஸ்தகம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் தேவசேனா அதை விரித்து வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். பக்கம் திரும்புகிறது, கண் அசையவில்லை. உதடு மட்டும் அசைகிறது. பத்து வரைக்கும் எண்ணுகிறாள், ஒரு பக்கம் திருப்புகிறாள். மறுபடி பத்து.

“என்ன படிச்ச?”

“கதக்கா.”

“என்ன கதை?”

“பெரிய கத.”

சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

“அக்கா, அப்பாட்டச் சொல்லிறாதீங்க.”

“ஆயக்குடி அத்தை வீட்ல கொய்யாத் தோப்பே இருக்காம்ல. பிடிக்காதா?”

“கொய்யா இருக்கும். அம்மா இருக்காதுல்ல.”

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சைக்கு ஐந்து வாரம். மெலிந்ததைக் கொடுத்தால் அப்பா திருப்பித் தருவார், தடித்ததைக் கொடுத்தால் மகள் பத்து எண்ணுவாள். எதைத்தான் கொடுப்பது?

மறுநாள் குவியலே வேண்டாம் என்று முடிவு செய்தேன். கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கி, முப்பது புத்தகத்தையும் கலந்து தார்ப்பாயில் கொட்டினேன்.

“யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கங்க. நான் எதுவும் சொல்லமாட்டேன்.”

யாரும் நகரவில்லை. சோதிக்கிறேனாம்!

“நெசமாவா? எத எடுத்தாலுமா?” என்று கேட்டான் விக்னேஷ். வேல்ராஜ் அண்ணன் மகன், நாலாம் வகுப்பு, சிமெண்ட் மூட்டையில் இருக்கிற எழுத்தைக்கூட விடாமல் வாசிக்கிறவன்.

“எத எடுத்தாலும்.”

பாய்ந்தான். முதல் ரகம் என்று ஊரே சொன்ன பையன் எடுத்தது எதைத் தெரியுமா? இருப்பதிலேயே மெலிந்ததை! அட்டையில் ஒரு காட்டுமாடு கொம்பை ஆட்டிக்கொண்டு நின்றது. நின்றபடியே சத்தம் போட்டு வாசித்தான்.

“காட்டுமாடு வந்தது. முட்டைக்கோஸைத் தின்றது.”

பிள்ளைகள் சுற்றி வந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் காட்டுமாடு இறங்காத தோட்டம் ஏது?

“காரட்டைத் தின்றது. பூண்டைத் தின்றது.”

“ஏலே, பொய் சொல்லாத!”

தேவசேனாவின் குரல். அவளுக்கு இவ்வளவு சத்தம் வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“நான் எங்க சொன்னேன்? புஸ்தகத்துல போட்டிருக்கு.”

“போட்டிருக்காது! காட்டுமாடு பூண்டத் தொடாது. எங்க தோட்டத்துல கோஸு பூராம் தின்னுச்சு, பூண்ட மோந்துட்டுப் போயிருச்சு. நான் பாத்தேன்.”

“போட்டிருக்குங்கிறேன்ல. நீயே பாரு. ஓ, ஒனக்குத்தான் படிக்க வராதே!”

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவள் புத்தகத்தைப் பிடுங்கிவிட்டாள். எழுத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள், ஓடிவிடாமல் பிடித்து வைக்கிற மாதிரி.

“பூ... பூண்... பூண்டைத்...” மூச்சு வாங்கினாள். “தின்... தின்றது.”

நான் கைதட்டவே எழுந்துவிட்டேன். அவளோ நிமிர்ந்து என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

“அக்கா, நெசமாவே தப்பா எழுதி வச்சிருக்காங்க!”

தான் வாசித்ததே அவளுக்குத் தெரியவில்லை! அடுத்து என்ன செய்தாள் தெரியுமா? வேறு என்ன பொய் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க முதல் பக்கத்துக்குப் போனாள். ஒவ்வொரு வரியாகக் கூட்டி வாசித்துத் தீர்ப்பும் சொன்னாள். “முட்டை...கோஸைத் தின்றது. சரி.” “காரட்டைத் தின்றது. சரி.” “வேலியைத் தா... தாண்டியது. தாண்டாது, ஒடச்சுக்கிட்டுத்தான் வரும். தப்பு.” பதினாறு பக்கம், நாற்பது நிமிடம், மூன்று தப்பு. முடித்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்குப் பின்னால் வகுப்பே ஓடி வந்தது.

செல்லப்பாண்டி மாமாவும் அழகம்மாள் அத்தையும் வாசலில் பூண்டுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்பா, இங்க பாரு! காட்டுமாடு பூண்டத் தின்னுச்சாம்!”

“எவன் சொன்னான்?”

“புஸ்தகத்துல போட்டிருக்கு.”

“எங்க, படி.”

படித்தாள். திணறித் திணறி, விரல் வைத்து, படித்தாள். அத்தை கையிலிருந்த பூண்டைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மாமாவுக்கோ கோபம்.

“அதெப்படித் திங்கும்? இருபது வருசமாப் பூண்டு போடுறேன், ஒரு நாள் வாய வச்சதில்ல. யாரு இத எழுதுனது? தோட்டத்துப் பக்கம் வந்திருக்கானா?”

“ஏங்க, பிள்ள படிச்சிருச்சுங்க!” என்றார் அத்தை.

“இருடி, மொதல்ல இதுக்குப் பதில் சொல்லட்டும்...” என்றவர் பேச்சைப் பாதியில் விட்டார். மகளைப் பார்த்தார். புத்தகத்தை வாங்கி மூடி, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினார். “இது?”

“வேலியைத் தாண்டியது.”

“இது?”

“இன்னும் பசி... என்றது.”

மாமா துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார். அப்புறம் போனை எடுத்து ஆயக்குடிக்குப் போட்டார், ஸ்பீக்கரில்.

“கந்தம்மா, ஜூன்ல பிள்ள அங்க வரல.”

“ஏண்ணே? கட்டிலெல்லாம் வாங்கிப் போட்டுட்டேனே!”

“கட்டில்ல நீ படு. எம்மக இங்கயே படிக்குறா. புஸ்தகத்துல தப்புக் கண்டுபிடிக்கிற அளவுக்குப் படிக்குறா. அங்க வந்தா, காட்டுமாடு பூண்டு திங்கும்னு எவனாச்சும் சொன்னா நம்பிப்புடும்.”

“எங்க ஊர்ல எவண்ணே அப்படிச் சொல்றான்?” என்று கந்தம்மாள் அத்தை கத்தியது எதிர்வீடு வரை கேட்டது. தேவசேனா அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கிளம்பும்போது மாமா கூப்பிட்டார்.

“ஏத்தா ரோகிணி, இதே மாதிரி தப்புத் தப்பா எழுதுன புஸ்தகம் வேற இருந்தா வெரசாக் கொண்டு வா.”

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வருகிற சனிக்கிழமை வெள்ளனே பஸ் ஏறி இன்னும் இருபது புத்தகம் எடுக்கப் போகிறேன். இதுவரை தப்பு இருந்தால் தள்ளி வைத்துவிட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன், காட்டுமாடு மட்டும் என் கண்ணுக்குத் தப்பி வந்துவிட்டது. இப்போது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் தப்புள்ளதாகப் பார்த்து நாலு எடுக்கலாமா என்று தோன்றுகிறது. ஆனால் கடலைப் பற்றியோ ரயிலைப் பற்றியோ தப்பாக எழுதியிருந்தால்? எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டையும் பார்த்ததில்லை, அப்படியே நம்பிவிடுவார்கள். விக்னேஷைக் கேட்டால் “எல்லாமே தப்பா எடுங்கக்கா” என்கிறான். நீங்களே சொல்லுங்கள், எழுத்துக் கூட்ட ஆரம்பிக்கிற பிள்ளையின் கையில் எதைக் கொடுப்பீர்கள்: எல்லாம் சரியாக இருக்கிற புத்தகத்தையா, சண்டை போடத் தோன்றுகிற புத்தகத்தையா?