எதிராளியின் பக்கம்

பஞ்சலிங்கத்துக்கு வேறு ஒருத்தி இருந்திருந்தால் குணலட்சுமிக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திராது. தாயிடம் சொல்லி அழலாம். பெயர் சொல்லித் திட்டலாம். அவனுக்கு இருந்தது ஒரு கூட்டம். சனிக்கிழமை பின்னேரங்களில் சண்டிலிப்பாயில், நோர்மன் மாஸ்டர் வீட்டு முன் அறையில், ஐந்து ஆண்கள் கூடி, உண்மை என்றால் என்ன, அதை அறிந்தவன் சந்தோசமாக இருப்பானா என்று பேசினார்கள்.

பஞ்சலிங்கம் சுன்னாகத்தில் சங்கக்கடைக் கிளார்க். மற்ற நாட்களில் கூப்பன் அரிசிக்கு நிற்கும் சனத்தோடு மல்லுக்கட்டி வாடிப்போய் வருவான். சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் சைக்கிளால் இறங்கும்போது முகம் பளபளக்கும். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு தனக்குள் சிரிப்பான்.

"என்ன கதைச்சனீங்கள்?"

"சும்மா. உதுகள்தான்."

குணலட்சுமி பௌதிகப் பட்டதாரி. மருதனார்மடத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். நிரூபிக்கக்கூடிய உண்மைகள் அவளிடம் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவளைத் தனியாகச் சிரிக்க வைத்ததில்லை. ஒன்றையும் நிரூபிக்காத மனிதன் வாராவாரம் சிரித்தான். அதுதான் அவளுக்கு எரிந்தது.

ஒரு நாள் அடுப்பை ஊதிக்கொண்டு சொல்லிவிட்டாள். "நீங்கள் ஒருத்தரும் உண்மையைத் தேடேல்லை. சந்தோசத்தைத் தேடுறியள். அதுக்கு முந்நூற்றுநாலு விளையாடலாமே? சீட்டுக்கட்டு ஒண்டு காணும்."

"ம்," என்றான். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை அவளும் அவன் சைக்கிள் கரியரில் ஏறினாள். மாஸ்டரின் மனைவி வினிபிரட் அன்ரியைப் பார்க்க வேண்டும் என்றாள். மனதுக்குள் வேறு எண்ணம். மாஸ்டரிடம் நேரே சொல்லிவிடுவது: இனி இவரை அனுப்பமாட்டன். போகும் வழியெல்லாம் அந்த வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனாள். அந்நியரிடம் பேச அவளுக்கு எப்போதும் அப்படி ஒத்திகை தேவைப்பட்டது.

மாஸ்டரைக் கண்டதும் வசனம் மறந்துபோயிற்று. அன்ரி அவளைக் குசினிக்குக் கூட்டிப்போனாள். முன் அறைக்கும் குசினிக்கும் நடுவில் தலையுயரச் சுவர்தான். பேச்செல்லாம் கேட்டது.

"இவையளுக்கு ஒரு சட்டம் இருக்குப் பிள்ளை," என்றாள் அன்ரி. "ஒருத்தரை மறுக்கிறதெண்டால் முதல் அவரின்ரை பக்கத்தைத் தன்ரை பக்கம்போலை எடுத்துக் கதைக்கோணும். அவர் 'ஓம், இதுதான் என்ரை பக்கம்' எண்டு சொன்னாப் பிறகுதான் மறுக்கலாம். பழைய சைவக்காரற்றை வழக்கமாம். எங்கடை இவர் மூண்டு கிழமை முருகனுக்காகக் கதைச்சவர். நான் பயந்துபோனன், வேதக்கார மனிசன் சைவத்துக்கு மாறிப்போட்டுதோ எண்டு."

குணலட்சுமி சிரிக்கப்போனாள். அதற்குள் பஞ்சலிங்கத்தின் குரல் எழுந்தது.

"இண்டைக்கு நான் ஒருத்தற்றை பக்கத்தைச் சொல்லுறன். அவரின்ரை பக்கத்திலை, நாங்கள் செய்யிறது முந்நூற்றுநாலு."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் துருவிக்கொண்டிருந்த தேங்காய்ப் பாதியைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

அவன் நிறுத்தவில்லை. உண்மை மனிதனுக்காக உண்டானது அல்ல. அதனால் அதை அறிந்தவன் சந்தோசப்படவேண்டும் என்று ஒரு நியதியும் இல்லை. சந்தோசம் தருகிற கேள்வியை மட்டும் தெரிந்தெடுத்துக் கேட்பவன் தேடுவது உண்மையை அல்ல. அடுப்படியில் அவள் வெடுக்கென்று சொன்னதை அவன் துடைத்து, மினுக்கி, நான்கு பேருக்கு முன் வைத்தான். அவள் சொன்னதைவிட நன்றாக இருந்தது. அவளுக்குக் கிடைத்தது ஒரு 'ம்'. இவர்களுக்கு முழுவதும்.

"நல்லாய்ச் சொன்னீர்," என்றார் மாஸ்டர். "ஆனால் அந்தக் கருத்துக்குச் சொந்தக்காரர் இல்லாமல் ஆர் ஓம் சொல்லுறது?"

"அவர் வராட்டி நான் ஓம் சொல்லுறன். மறுக்கவிடுங்கோ, நேரம் போகுது," என்றார் கிறகோரி, அங்கே வருகிற இன்னொரு கிளார்க்.

குணலட்சுமியின் முகத்தைப் பார்த்த அன்ரி சுவருக்கு மேலால் கூவினாள். "சொந்தக்காரி இஞ்சை தேங்காய் துருவுறா!"

குணலட்சுமி முன் அறை வாசலில் போய் நின்றாள். கையெல்லாம் தேங்காய்ப்பூ. பஞ்சலிங்கம் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவன் மாதிரிப் பார்த்தான். ஓம் என்று ஒரு சொல் போதும். அவன் சந்தோசமாக வீடு வருவான்.

"இல்லை," என்றாள். "உது அரைவாசிதான்."

"மற்ற அரைவாசி என்ன பிள்ளை?"

"நான் யோசிச்சுச் சொல்லேல்லை மாஸ்டர். எரிச்சலிலை சொன்னனான். இஞ்சை இவ்வளவு கதைக்கிறவர் வீட்டிலை என்னோடை கதைக்கிறேல்லை." வசனம் இன்னும் முடியவில்லை. "எரிச்சலிலை சொன்னதெண்டு பொய்யாகாது. எதாலை சொன்னனான் எண்டது வேறை. சொன்னது சரியோ எண்டது வேறை."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அடடா," என்றார். "கதிரை ஒண்டு கொண்டுவாங்கோ."

அதன் பிறகு ஒன்றரை மணித்தியாலம். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பேசியதைவிட அவள் அன்று கூடப் பேசினாள். கிறகோரி இரண்டு தரம் தன் கருத்தை மாற்றினார். ஓம் கிடைக்காத பஞ்சலிங்கம் சட்டப்படி ஒரு வார்த்தையும் மறுக்க முடியாமல் இருந்தான். தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்தது. அவள் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை.

திரும்பும்போது அவன் முதுகு விறைத்திருந்தது. மாசியப்பிட்டி தாண்டும்வரை வேகமாக மிதித்தான்.

"அஞ்சு வருசமாய் வாறன்," என்றான் கடைசியில். "மாஸ்டர் எனக்கு ஒருநாளும் 'அடடா' சொன்னதில்லை."

அவன் குரலில் இருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்த சாமான்தான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. உள்ளே குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததற்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"உங்களுக்கு எரியுது," என்றாள்.

"எரியேல்லை. நீர் சொன்னதிலை பிழை இருக்கு."

"என்ன பிழை?"

அவன் சடாரென்று பிறேக் பிடித்தான். இறங்கினான். "இறங்கும். மிதிச்சுக்கொண்டு சொல்லேலாது."

சைக்கிளை உருட்டியபடி அவன் தொடங்கினான். கோபத்தில் இரண்டு தரம் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து சொன்னான். புகையிலைத் தோட்டங்களில் தண்ணீர் கட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். புருஷன் பெண்சாதி றோட்டில் சண்டை என்று நினைத்திருப்பார்கள். அது சரிதான். அவன் சொன்னதில் ஓரிடம் பிசகு என்று அவளுக்குப் பட்டது. வாயைத் திறந்தாள்.

"பொறும்," என்றான் அவன். "நான் இன்னும் முடிக்கேல்லை."