தவசி கொண்டுவந்த கோடிச் சேலை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. செல்லூரிலிருந்து சேலை மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்கும் சேக் மைதீன், பழங்காநத்தத்துக் காப்பிக் கடையில் வைத்து என் தலையில் கட்டியது. இறக்கி வைக்கத்தான் எழுதுகிறேன். ஆசை ஒன்றும் இல்லை.

முதல் வரியை நான்கு முறை எழுதிவிட்டேன். 'நாற்பத்திரண்டாம் வருஷம் ஆவணியில், கோச்சடைக்கு மேற்கே ஒரு கிராமத்தில், பதினோரு துப்பாக்கிகள்' — வேண்டாம். துப்பாக்கியில் தொடங்கினால் வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். துப்பாக்கிகளோடு வந்த அதிகாரிக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

2

வெள்ளைக்கார சர்க்காரை எதிர்த்துத் தந்திக் கம்பியை அறுத்தவர்களில் காளை மட்டும் போலீசிடம் அகப்பட்டான். இரண்டு நாள் அடித்தும் மற்றவர்கள் பெயர் அவன் வாயிலிருந்து வரவில்லை. மூன்றாம் நாள் காலை கண்மாய்க்கரைப் புளியமரத்தில் கட்டினார்கள். உச்சிப்பொழுதுக்குள் பெயர் சொல்லாவிட்டால் ஊர் பார்க்கச் சுடுவது என்று உத்தரவு.

[ஊர் பார்க்க. பாளையக்காரர்களைத் தூக்கில் தொங்கவிட்ட காலத்திலிருந்து இதே யுக்திதான். சாகிறவன் ஒருவன், நடுங்க வேண்டியவர்கள் ஆயிரம் பேர். இதை விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். எழுதி என்ன ஆகப்போகிறது?]

ஊரைக் கூட்டக் கொட்டுக்காரன் சோணையை மரத்தடியில் நிறுத்தினார்கள். சர்க்கார் உத்தரவுக்கு ஓர் அடி உண்டு, சாவுக்கு வேறோர் அடி. சோணை சாவுக் கொட்டை அடித்துவிட்டான்.

3

'சோணையின் கண்களில் நெருப்பு' என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் சேக் மைதீன் சிரித்தார்.

"வீரமாவது ஒண்ணாவது, தம்பி. அது பாடைய எறக்கி வைக்கிற மரம். அங்க நின்னா அவன் எப்பவும் அடிக்கிறது சாவுக் கொட்டுத்தான். பயத்துல கை தன்னால போயிருச்சு."

அந்த வரியை அடித்துவிட்டேன். பயம் நன்றாகவே வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்வது அலுப்பாக இருக்கிறது.

4

கண்மாய்க்கு அந்தப் பக்கம் கரும்புக்குள் தவசி ஒளிந்திருந்தான். காளையின் மனைவி அழகம்மாளுக்கு அண்ணன். கம்பி அறுத்ததில் அவனும் உண்டு. காளை அடி வாங்கிக்கொண்டு வாய் திறக்காததே இந்த மச்சானுக்காகத்தான்.

கொட்டுச் சத்தம் கேட்டது. காளை போய்விட்டான் என்று தவசி நினைத்தான். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போட வேண்டும். போட அவளுக்கு வேறு நாதி இல்லை.*

வரப்பில் மூட்டையோடு வந்த சேக் மைதீனிடம் கை நீட்டினான்.

"பாய், தங்கச்சிக்கு ஒரு கோடிச் சேல குடுங்க. மாப்ள போயிட்டாரு."

இவர் கொடுத்துவிட்டார். ஐந்து வருஷமாக அந்தச் சேலையைத்தான் சுமக்கிறார், பாவம்.

* உயிருக்குப் பயந்து ஒளிந்தவன் சேலை போடவா வெளியே வருவான் என்று கேட்பவர், எங்கள் பக்கத்துக்காரர் இல்லை.

5

தவசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"மாப்ள... உசுரோடவா இருக்கீக?"

காளை அவன் கையிலிருந்த சேலையைப் பார்த்தான். அதிகாரி இருவரையும் பார்த்தார்.

"இவன் யாரு?"

காளை வாயைத் திறந்தான்.

6

என்ன சொன்னான் என்று சேக் மைதீன் எனக்குச் சொன்னார். 'காளை சொன்னான்:' என்று மூன்று முறை எழுதி, அதற்கு மேல்

முடியவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அழகம்மாள் இன்னும் மரத்தடிக்கு வந்து சேரவில்லை, வரப்பில் ஓடி வந்துகொண்டிருக்கிறாள். அவளை நிறுத்தி, புருஷன் வேண்டுமா அண்ணன் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை.